நான் பாலைவனத்தை ஒழித்த வரலாறு

ஓர் ஊரின் குடிதண்ணீர்க் கிணற்றை மண் மூடியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று ஆடிக் காற்று. இன்னொன்று நான். காற்றையாவது படிப்பறிவு இல்லாதது என்று மன்னித்துவிடலாம். நான் பி.எஸ்சி. தாவரவியல், முதல் வகுப்பு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான்தான். (அப்பாவும் ஒரு முறை போயிருக்கிறார், கூரைக்கு ஓடு மாற்ற.) களக்காட்டுக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை அவருக்கு. பட்டம் வாங்கிய கையோடு எனக்குப் பாளையங்கோட்டையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு மாத வேலை கிடைத்தது. அறிக்கை நன்றாக அமைந்தால் நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

என்ன அறிக்கை என்றால், அது தொண்ணூறுகளின் கடைசி. நிலம் பாலைவனமாவதைத் தடுப்போம் என்று உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டிருந்தன. போட்டதோடு விடவில்லை. எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் என்று ஒவ்வொரு நாடும் அறிக்கை அனுப்ப வேண்டும். நாடு மாநிலத்தைக் கேட்டது. மாநிலம் மாவட்டத்தைக் கேட்டது. மாவட்டம் எங்கள் நிறுவனத்தைக் கேட்டது. நிறுவனம் என்னைக் கேட்டது. எனக்குக் கீழே கேட்பதற்கு ஆள் இல்லாததால் நான் நேரே மண்ணிடம் போக வேண்டியதாயிற்று.

போகத் தேவையில்லை என்றுதான் எங்கள் பொறுப்பாளர் தில்லைநாயகம் சார் சொன்னார். ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயலும் வரப்புமாக வாழ்ந்த சைவக் குடும்பம் அவருடையது. வயல் போய், விபூதியும் நிதானமும் மிஞ்சியிருந்தன. பழைய கோப்பு ஒன்றை என் பக்கம் தள்ளி அவர் தொழில் ரகசியத்தைச் சொன்னார்.

"போன தடவ என்ன எழுதியிருக்கோ அதுல கொஞ்சம் கூட்டிப் போடும்வே. ரொம்பக் கூட்டினா பாக்க வந்துருவான். கொறச்சா ஏன்னு கேப்பான். நீரு எதுக்கு வெயில்ல அலையுதீரு?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வயதில் எனக்கு எளிதில் கொதிக்கும். அதற்கு ஒரு முன்கதை உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் மழை பொய்த்தது. ஜீப்பில் வந்த ஓர் அதிகாரி இறங்காமலேயே சுற்றிலும் பார்த்தார். சீமைக்கருவேலம் பச்சைப் பசேலென்று நின்றது. ஊர் செழிப்பாக இருப்பதாக எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த வருடம் எங்களுக்கு நிவாரண வேலை கிடையாது. எங்கள் வீட்டில் கேப்பைக் களிகூட அளந்துதான் வைத்தார்கள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரே, அதை ஏன் கேட்கவில்லை என்பது என் வாழ்க்கையின் பெரிய கேள்வியாக இருந்தது.

ஆகவே உலகம் அறிக்கை எழுதும் முறையையே திருத்துவது என்று முடிவு செய்தேன். நாற்பத்திரண்டு கேள்விகளோடு புதிய படிவம் ஒன்று தயாரித்தேன். நிலம் எவ்வளவு, மரம் எத்தனை, கிணறு எப்படி, மாடு எத்தனை, ஆடு எத்தனை, கழுதை எத்தனை என்று எல்லாம் வீட்டுக்காரர்களையே கேட்பது. படிவத்தின் தலையில் தடித்த எழுத்தில் ஒரு விதியும் போட்டேன்: 'மக்கள் சொல்வதை மட்டும் எழுதுக. கணக்கெடுப்பவரின் சொந்தக் கருத்து எழுதப்படக் கூடாது.' ஜீப் அதிகாரியைப் பழிவாங்கிய திருப்தி எனக்கு. தில்லைநாயகம் சார் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

இந்த அறிக்கையில் வெறும் புகழ் மட்டும் இல்லை. மாவட்டத்திலேயே எந்த ஊர் அதிகமாகக் காய்ந்திருக்கிறதோ அந்த ஓர் ஊருக்கு மாதிரிப் பணி என்று ஒன்று வருவதாக இருந்தது. காற்றைத் தடுக்க மரவேலி, கிணற்றைத் தூர்வாரிச் சுவர் உயர்த்துவது எல்லாம் அதில் அடக்கம்.

முதலில் போன ஊர் மணக்காட்டுவிளை. திசையன்விளையிலிருந்து கடலைப் பார்த்துப் போனால் செம்மண் தேரி ஆரம்பிக்கும். தேரி என்றால் மணல்மேடு. ஆனால் ஓர் இடத்தில் நிற்காத மேடு. ஆடிக் காற்றில் நடக்கும். அந்த ஊரை நோக்கித்தான் நடந்துகொண்டிருந்தது. ஊருக்கு ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு, அது தேரியின் காலடியில். நான் முதலில் பார்த்ததே அதைத்தான். மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் மண்ணுக்குள் போய்விட்டது. கிழக்குப் பக்கம் ஒரு முழம் மிச்சம். இரண்டு பெண்கள் கிணற்று வாயிலிருந்து மண்ணை ஓலைக் கடவத்தில் அள்ளிக் கொட்டிவிட்டு அப்புறம் தண்ணீர் இறைத்தார்கள். பணி இந்த ஊருக்குத்தான் என்று அங்கேயே மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் தனியாகப் போகவில்லை. படித்த பிள்ளையை முன்பின் தெரியாத ஊருக்குத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. துணைக்குத் தன் தம்பியை, அதாவது என் தாய்மாமன் ஆறுமுகத்தை, அனுப்பிவைத்தாள். போகிற காரியம் நல்ல காரியம் என்று எனக்குத் தேய்த்த சட்டையும் நெற்றியில் திருநீறும். மாமாவுக்குக் கரை வேட்டி, தோளில் துண்டு.

இந்தக் கோலத்தில், கல்யாண வயதில் ஒரு பையனும் அவன் தாய்மாமனும் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, நிலம் எவ்வளவு, தென்னை எத்தனை, கிணறு எப்படி என்று விசாரித்தால் நம் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் தாவரவியல் படித்திருந்தேன்.

முதல் வீடு தங்கசாமி அண்ணாச்சி வீடு. பனையேறிப் பிழைத்தவர், வயதாகி நிறுத்திவிட்டார். எந்த ஊர், யார் மக்கள் என்று கேட்டார். மாமா மூன்று தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பித்தார். ஒப்பித்து முடித்தபோது அண்ணாச்சியின் முகம் மலர்ந்திருந்தது. உள்ளே பார்த்து ஏதோ சொன்னார். பித்தளைச் செம்பில் தண்ணீர் வந்தது, கருப்பட்டிக் காப்பி வந்தது, பிறகு அவித்த முட்டை வந்தது. படிவத்துக்கு முட்டை வருவது எனக்குப் புதிதாக இருந்தது. மக்கள் எவ்வளவு தாகத்தோடு காத்திருக்கிறார்கள், கேட்கத்தான் ஆள் இல்லை என்று நெகிழ்ந்துபோனேன்.

நிலம் கேட்டேன். நஞ்சையே இருப்பதாகச் சொன்னார். தேரியில் நஞ்சை. எழுதிக்கொண்டேன். தென்னை இருபது என்றார். ஜன்னல் வழியே ஒன்றுதான் தெரிந்தது, அதுவும் சாய்ந்து. ஆனால் அது கணக்கெடுப்பவரின் சொந்தக் கருத்து. இருபது என்று எழுதினேன். கிணற்றைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் ஒரு கணம் தயங்கியதுபோல இருந்தது.

"வத்தாத கெணறு தம்பி. கல்கண்டுத் தண்ணி. இந்த ஊருக்கு வாழ வந்தவுகளும் சரி, வாழப் போனவுகளும் சரி, தண்ணிக்குக் கஷ்டப்பட்டது கெடையாது."

நான் கிணற்றைப் பார்த்துவிட்டு வந்தவன். பேனாவும் என்னைப் போலவே தயங்கியது. ஆனால் படிவத்தின் தலையில் என் கையாலேயே எழுதிய விதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'நல்ல நிலை' என்று எழுதினேன். கடைசியில் கழுதை எத்தனை என்று கேட்டபோது கதவுக்குப் பின்னால் ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. கழுதையில் என்ன சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை.

தொழுவத்தில் மாடு இருக்கிறதா என்றேன். வெள்ளைப் பசு ஒன்றைக் காட்டினார்கள். இரண்டாவது வீட்டிலும் வெள்ளைப் பசு. மூன்றாவது வீட்டிலும். மூன்றுக்கும் நெற்றியில் ஒரே இடத்தில் சுழி, இடது கொம்பில் ஒரே மாதிரி முறிவு. மூன்றாவது முறை அது கொஞ்சம் மூச்சு வாங்கியது. 'ஊரில் ஒரே உயர்ந்த இனப் பசுக்கள், குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று எழுதிக்கொண்டேன். (சிரிக்காதீர்கள். முதல் வகுப்பு.)

பெண் இல்லாத வீட்டுக்காரர்களும் ஒரே குரலில் ஊரை உயர்த்திப் பேசினார்கள். சம்பந்தம் விசாரிக்க வந்தவர்களிடம் பக்கத்து வீட்டைக் குறைத்துப் பேசுகிற வழக்கம் அங்கே கிடையாது. தண்ணீர் சுமக்க வேண்டிய ஊர் என்று வெளியே பெயராகிவிட்டால் யார் பெண் கேட்டு வருவார்கள், யார் பெண் கொடுப்பார்கள்? மாமாவுக்கு இரண்டாவது வீட்டிலேயே விஷயம் புரிந்துவிட்டதாம். அங்கே கோழி அடித்திருந்தார்கள். மூன்றாவது வீட்டில் என்ன என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாராம்.

அடுத்த வாரம் நல்லாம்பேரி. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம். மாமாவுக்கு வயிறு சரியில்லை (ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை). அதனால் ஊர்த் தலையாரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அலுவலக ஜீப்பில் போனேன். ஜீப், தலையாரி, கையில் படிவக் கட்டு. வறட்சி நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள் என்று ஊர் ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டது. நெற்பயிர் இடுப்புயரம் நின்ற வயல் வரப்பில் நின்றுகொண்டு ஒருவர் எல்லாம் கருகிவிட்டதாகச் சொன்னார். பக்கத்தில் கால்வாய் இரைந்த இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். தண்ணீரே இல்லை என்று கத்தினார். என் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதால் வெறுங்காலோடு நின்று அதை எழுதினேன்.

மற்ற ஊர்களையும் முடித்துவிட்டுக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மாவட்டத்திலேயே செழிப்பான ஊர் மணக்காட்டுவிளை. பாலைவனம் நல்லாம்பேரி. தில்லைநாயகம் சார் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாம்பேரில தண்ணி இல்லையா? எங்க வயல் அங்கனதான்வே கெடந்துது. எறங்கினா முழங்கால் முங்கும்."

அது உங்கள் சொந்தக் கருத்து சார், இது மக்கள் குரல் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியர்க்கும். அவர் தடுத்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்த யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவ்வளவு நியாயம் அதில் வழிந்தது.

அறிக்கை சென்னையில் அமோக வரவேற்பு பெற்றது. மக்களையே கேட்டு எழுதும் முறை மற்ற மாவட்டங்களுக்கும் வழிகாட்டி என்றார்கள். பாளையங்கோட்டையில் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடானது. இரண்டு ஊர்க்காரர்களையும் அழைக்கும் பொறுப்பு எனக்கு. டவுணில் அச்சகத்துக்காரர், மிச்சம் கிடக்கும் கல்யாண அட்டையில் அடித்தால் சல்லிசு என்றார். ஓரத்தில் மஞ்சள் தடவி, மேலே குத்துவிளக்குப் போட்ட அட்டை. நிறுவனத்துக்குச் செலவு மிச்சம் என்று சம்மதித்தேன். அழைப்பின் கடைசி வரி, குடும்பத்துடன் வருக.

தங்கசாமி அண்ணாச்சி குடும்பத்துடன் வந்தார். வேன் பிடித்து வந்தார். அவர் மனைவி கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப்பூ. கிராமத்து மக்களின் பண்பாடே பண்பாடு என்று நினைத்துக்கொண்டேன். மாமா வடை இருக்கும் மேசையைத் தேடிப் போய்விட்டார்.

சென்னை அதிகாரி மேடையில் அறிவித்தார். பாலைவனத்தை வென்ற கிராமம் மணக்காட்டுவிளை. அதற்குப் பொன்னாடையும் சான்றிதழும். மரவேலியும் கிணற்றுச் சுவரும் நல்லாம்பேரிக்கு. நல்லாம்பேரிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். பொன்னாடை போர்த்தும்போது அண்ணாச்சியிடம் ஒலிபெருக்கியை நீட்டி, கிணறு நல்ல நிலையில் இருப்பதாக எழுதியிருக்கிறதே, சரிதானா என்று கேட்டார். அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் மாமாவைப் பார்த்தாள். மாமா வடையைப் பார்த்தார். அண்ணாச்சி கடைசியாக என்னைப் பார்த்தார்.

நான் அப்போது எழுந்து நின்றிருக்கலாம். ஐயா, அந்தக் கிணறு இன்னும் ஒரு முழம்தான் என்று சொல்லியிருக்கலாம். என் இரண்டு கண்ணாலும் பார்த்தவன்.

"நல்லாத்தான் இருக்குங்கய்யா" என்றார் அண்ணாச்சி. "வத்தாத கெணறு."

அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

கூட்டம் முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். பைய, யாருக்கும் கேட்காமல் பேசினார்.

"மாப்ள, ஒங்க ஆளுவ முன்னால ஊரக் கொறச்சிப் பேசக் கூடாதுன்னுதான் அப்படிச் சொல்லிட்டேன். மண்ணு கெணத்து வாய்க்கு வந்துட்டு. இன்னும் ரெண்டு காத்துக்குத்தான் தாங்கும். கல்யாணம் முடியட்டும், நீங்களே மேல சொல்லி அந்த வேலிய நம்ம ஊருக்குத் திருப்பிவிடணும்."

யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், தன் மனைவி கையில் இருந்த தட்டைப் பார்த்தார். நான் படிவத்தைப் பற்றி, உடன்படிக்கையைப் பற்றி, உலக நாடுகளைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பேசப் பேச எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அந்த அம்மாள் முந்தானையால் தட்டை மூடினாள். அவ்வளவுதான் செய்தாள். அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

"எம் மவ அன்னைக்கே சொன்னா" என்றார் அண்ணாச்சி. "மாப்ளயா வந்தவன் கழுத எத்தனன்னு கேப்பானா அப்பான்னு. நாங்கதான் காதுல வாங்கல."

பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"சரி, கல்யாணம் இல்ல. வேலியாவது மாத்த முடியுமா தம்பி?"

மாப்பிள்ளை தம்பியாகிவிட்டதைக் கவனித்தேன். ஓடினேன். அதிகாரியின் ஜீப் கிளம்பிக்கொண்டிருந்தது. மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தக் கிணறு, மண், தென்னை, மூன்று வீட்டுக்கு ஒரு பசு. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பைத் திறந்து என் படிவத்தின் தலைப்பில் விரலை வைத்தார்.

"கணக்கெடுப்பவரின் சொந்தக் கருத்து எழுதப்படக் கூடாது. இது நீங்க போட்ட விதிதானே? ரொம்ப நல்ல விதி தம்பி. இதை வச்சுத்தான் மத்த மாவட்டத்துக்கெல்லாம் எழுதச் சொல்லியிருக்கோம். நீங்களே மீறலாமா?"

அதோடு அந்த மனிதரே மேடையில் சொல்லியும்விட்டாரே என்றார். ஜீப் போய்விட்டது.

திரும்பி வந்தபோது வேனும் போயிருந்தது. மாமா மட்டும் வேப்பமரத்தடியில் இருந்தார். ஏன் மாமா சொல்லவில்லை என்று கேட்டேன். "ஏலே, நீ கணக்கு எடுக்கற வேகத்தப் பாத்து ஒனக்கும் பிடிச்சிருக்கோன்னு நெனச்சேன்" என்றார்.

ஆறு மாதம் முடிந்ததும் என் வேலையை நீட்டிக்கவில்லை. அறிக்கையில் குறை எதுவும் இல்லையாம். தேரி வரைக்கும் செழித்துவிட்ட மாவட்டத்தில், பாலைவனத்தைத் தடுக்க இனிமேல் தனியாக ஓர் ஆள் எதற்கு என்று கேட்டார்களாம். நல்லாம்பேரியில் மரவேலி வைத்தார்கள். வயலுக்கு நிழல் விழுகிறது என்று ஊரார் அதை வெட்டிவிட்டதாகக் கேள்வி. மணக்காட்டுவிளைக் கிணறு அண்ணாச்சி சொன்னபடி இரண்டு காற்றுத் தாங்கியது. மூன்றாவது ஆடியில் மூடிக்கொண்டது.

சான்றிதழுக்கு மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டார்களாம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் வீட்டுக்கு வீடு அதைத்தான் எடுத்துக் காட்டினார்களாம். அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறதே. அண்ணாச்சியின் மகளுக்கு அடுத்த வருடமே நல்ல இடம் அமைந்தது, நல்லாம்பேரியில். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், கல்யாணத்துக்கு மாமா போயிருந்தார்.

நான் பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து வாத்தியார் ஆனேன். கல்யாணம் ஆனது. சில வருடங்களுக்கு முன், திசையன்விளைப் பக்கம் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, மனைவியோடு மினிபஸ்ஸில் திருச்செந்தூருக்குக் கிளம்பினேன். பாதி பஸ் குடம். எங்கேயோ குழாயில் பிடித்த தண்ணீரோடு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு செம்மண் மேட்டின் ஓரத்தில் பஸ் நின்றது. கண்டக்டர் ரிப்போட்டுத்தேரி வந்துட்டு, எறங்கு என்றார். குடங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிக் குடத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அது என்ன பெயர் என்று பக்கத்தில் இருந்த பெரியவரைக் கேட்டாள் என் மனைவி.

"முன்ன அங்கன ஒரு கெணறு கெடந்துது தாயி. எவனோ ஒரு படிச்ச பய வந்து ரிப்போட்டு எழுதியே மூடிட்டான்."

என் மனைவிக்குக் கதை முழுக்கத் தெரியும். திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே இருந்ததும் அந்தத் தேரிதான். திருச்செந்தூர்க் கோபுரம் தெரிகிற வரைக்கும் அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சந்நிதியில் நிற்கும்போதும் ஒரு தடவை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது நிலைத்துவிட்டது. கேஸ் சிலிண்டர் இன்னும் பத்து நாள் வரும் என்று நான் சொன்னால், ரிப்போட்டுத்தேரி என்கிறாள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்றாலும் அதேதான். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. எங்கள் வம்சத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் இருந்தது கிடையாது. என்னால்தான் ஒரு தேரிக்கே பெயர் வந்திருக்கிறது. பட்டா மட்டும்தான் இல்லை. ஆடிக்கு ஆடி வளர்ந்துகொண்டு வேறு இருக்கிறதாம்.